மனாலி டு லே சைக்கிள் ரைடு: நம்ம கடக்கரை ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

மண்டபத்துல போட் எஞ்சின் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கேன். 2024 ஆகஸ்ட்ல மனாலியில இருந்து லே வரைக்கும் சைக்கிள் மிதிச்சு முடிச்சேன், அதுக்கு முன்னாடி 2022ல போயி பாதியிலயே வண்டியில ஏத்தி இறக்கி விட்டாய்ங்க. வந்ததுல இருந்து டீக்கடையில, போட் ஜெட்டியில, கல்யாண வீட்டுப் பந்தியில கூட ஒரே கேள்விகள். ஒவ்வொருத்தருக்கும் வாய் வலிக்கச் சொல்றதுக்கு மொத்தமா எழுதிப் போட்டுட்டா லிங்க்கை அனுப்பிரலாம்ல, அதான் இது.

சைக்கிள்லயா? புல்லட்ல தானே போவாய்ங்க?

சைக்கிள்லதான். மிதிக்கிற சைக்கிள். "ரோட் பைக்"னு சொன்னா எங்க சின்ன மாமாவே மைலேஜ் எவ்வளவுனுதான் கேட்டாரு.

எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?

இமாச்சல்ல மனாலி, சுமார் 2,050 மீட்டர் உசரம். அங்க இருந்து லடாக்ல இருக்குற லே, 3,500 மீட்டர். பாக்க 1,450 மீட்டர் ஏத்தம் மாதிரிதான் தெரியும், ஆனா நடுவுல அஞ்சு கணவாய் ஏறி இறங்கணும். அந்த ஊர்ப் பாஷையில கணவாய்க்கு "லா". முதல்ல ரோதங் 3,978 மீட்டர், அப்புறம் பாராலாச்சா லா 4,890 பக்கம், நக்கி லா 4,740 பக்கம், லாச்சுங் லா 5,060 பக்கம், கடைசியா தங்லங் லா 5,328. ரோதங்குக்கு அடியில போற அடல் டனல் வந்த பிறகு ரோடு 430 கிலோமீட்டர் பக்கம்தான், பழைய ரோதங் வழியா போனா 470க்கு மேல ஆகும். டனல் 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறந்தாங்க. டனல் இருக்கும்போது எதுக்கு ரோதங் ஏறணும்னு கேப்பீங்க, அதுக்குக் கீழ பதில் இருக்கு, அந்த டனல்தான் என் முதல் தடவைய கெடுத்துச்சு.

நம்ம தமிழ்நாட்டுல ஒரு அளவுக்குச் சொல்லணும்னா தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அதாவது நம்ம மாநிலத்துலயே உசரமான முகடு, இந்த ரைடோட மூணாவது நாள் கேம்ப்புக்குக் கீழ கிடக்கு.

"கைடட் ரைடு"ன்னா கைடு முன்னால ஓட்டிக் காட்டுவாரா?

ஒருத்தர் முன்னால போவாரு, ஒருத்தர் கடைசி ஆளுக்குப் பின்னால வருவாரு. கூடவே ஒரு வண்டி, அதுல நம்ம பை, டென்ட், அடுப்பு, ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு மெக்கானிக். நம்ம முதுகுல தண்ணியும் ஒரு ஜாக்கெட்டும் மட்டும்தான். சாயங்காலம் போய்ச் சேரும்போது டென்ட் அடிச்சிருப்பாங்க, சூப்பு கொதிச்சிக்கிட்டு இருக்கும். தனியா பாரம் கட்டிக்கிட்டு போறவங்களும் இருக்காங்க, ரெண்டு மூணு வெளிநாட்டு ஆளுங்கள வழியில பாத்தேன், கும்பிடத் தோணுச்சு. ஆனா நம்மள மாதிரி கடல் மட்டத்துல பொறந்து வளந்து, முதல் தடவையா அவ்வளவு உசரம் போறவங்களுக்கு நான் கைடட்தான் சொல்லுவேன், காரணம் சாப்பாடும் டென்ட்டும் இல்ல, "நீ இன்னைக்கு ஏறாத"னு சொல்ல ஒரு ஆள் வேணும், நமக்கு நாமளே அத சொல்லிக்க மாட்டோம்.

கடல் மட்டத்துலயே வாழ்றவன் அவ்வளவு உசரத்துல மூச்சு விட முடியுமா?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆனா இதக் கேக்குறவங்க கம்மி. எல்லாரும் காலு தாங்குமானுதான் கேக்குறாங்க.

மேல ஆக்சிஜன் கம்மினு சொல்லுவாய்ங்க, பாதி சரி. காத்துல ஆக்சிஜன் பங்கு எங்கயும் 21 சதவீதம்தான், மண்டபத்துலயும் அதுதான், தங்லங் லாவுலயும் அதுதான். ஆனா மேல போகப் போக காத்தோட அழுத்தமே குறஞ்சிருது. லேவுல நம்ம ஊரு அழுத்தத்துல மூணுல ரெண்டு பங்கு, தங்லங் லாவுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஒரு மூச்சு இழுத்தா நெஞ்சு நெறயுது, ஆனா உள்ள போனது அரை மூச்சு. என் கடைக்கு வர்ற ஆளுங்களுக்கு நான் சொல்றது இதுதான்: எஞ்சின்ல ஏர் பில்டர் அடச்சிக்கிட்டா என்ன ஆகும்? டீசல் அதே அளவு போகுது, காத்து பத்தல, கரும்புகை கக்கும், இழுவை இருக்காது. அந்த எஞ்சின்தான் நீங்க. பிஸ்டன் நல்லா இருக்கு, ரிங்கு நல்லா இருக்கு, அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. காலு நல்லா இருக்குறவன்தான் அங்க முதல்ல படுக்குறான், ஏன்னா அவன் வேகமா ஏறிருவான்.

ஒடம்பு அதுக்குப் பழகும், ஆனா நாள் எடுக்கும். மூச்சு வேகம் ஒண்ணு ரெண்டு நாள்லயே கூடும், ரத்தத்துல சிவப்பணு கூடுறதுக்கு வாரக்கணக்காகும். இங்க எவ்வளவு மிதிச்சாலும் அந்தப் பழக்கம் வராது. மூச்சு அடக்கிப் பழகுறேன், சங்கு குளிக்கிற எங்க தாத்தா ரத்தம் எனக்குனு கீழக்கரையில ஒரு தம்பி சொன்னான். தாத்தாவுக்கு என் கும்பிடு, ஆனா அதுவும் உதவாது. மேல போயி, தூங்கி எந்திரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏறுனாத்தான் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் தூங்குற உசரம் 500 மீட்டருக்கு மேல கூடக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் ஓய்வுனு டாக்டருங்க சொல்ற கணக்கு. இத மனப்பாடம் பண்ணிக்கங்க, பின்னால கம்பெனிகாரங்கள கேள்வி கேக்க இதான் ஆயுதம்.

2022ல என்ன ஆச்சு? ஏன் பாதியில திரும்புனீங்க?

சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடியே பசங்க மண்டபம் ஸ்டேஷன் பக்கத்துல பிளெக்ஸ் வச்சிட்டாய்ங்க, "இமயத்தை வெல்லப் புறப்படும் எங்கள் அண்ணன்"னு, கூலிங்கிளாஸ் போட்டோவோட.

அந்தக் கம்பெனி பேரு வேணாம். எட்டு நாள்ல முடிச்சிரலாம்னாங்க, லீவும் கம்மி, காசும் கம்மி, எனக்கு வசதியாத் தெரிஞ்சுது. ரோதங்க விட்டுட்டு டனல் வழியா வண்டியில கொண்டு போயி, முதல் ராத்திரியே ஜிஸ்பா, 3,200 மீட்டர். மறுநாள் சிங்சிங் பார், 4,200க்கு மேல. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரே நாள்ல ஆயிரம் மீட்டர். எனக்கு அப்ப அந்த 500 கணக்கு தெரியாது. ராத்திரி தலைவலி, தூக்கம் வரல. அடுத்த நாள் பாராலாச்சா ஏறுனேன், ஏறிட்டேன்ல அதான் கொடுமை, மேல நின்னு போட்டோ எல்லாம் எடுத்தேன். சர்ச்சுங்கற கேம்ப்புக்கு இறங்குனதும் வாந்தி. சாப்பாடு வேணாம்னு டென்ட்டுக்குள்ள படுத்துட்டேன், யார்கிட்டயும் சொல்லல, பிளெக்ஸ்ல போட்ட மூஞ்சி இல்லயா.

கைடு ஒரு லாகுல்கார பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். எட்டு மணிக்கு டார்ச்சோட வந்து என்ன வெளிய கூப்பிட்டான். பூட்ஸ் குதிகாலால மண்ணுல ஒரு கோடு கிழிச்சான், ஒரு காலுக்கு முன்னால அடுத்த காலை ஒட்டி ஒட்டி வச்சு இது மேல நடங்க சார்னான். மூணாவது அடியில சாஞ்சிட்டேன். ராத்திரி முழுக்க கடல்ல கிடந்துட்டு வள்ளத்த விட்டு கரையில கால வச்சா தரை ஆடுமே, அதே மாதிரி. நான் சிரிச்சேன், அவன் சிரிக்கல. அஞ்சு நிமிசத்துல ஆக்சிஜன் மாட்டி வண்டியில ஏத்திட்டாங்க. நடை தள்ளாடுதுனா மூளையில நீர் கோக்க ஆரம்பிச்சிருக்கலாம், விடியட்டும்னு காத்திருந்தா உசிருக்கே ஆபத்துனு எனக்கு அப்புறம்தான் தெரியும்.

இதுல இன்னொண்ணு இருக்கு, இந்த ரூட்டோட உண்மையான வில்லங்கமே இதுதான். மலை நோய்க்கு மருந்து கீழ இறங்குறது. ஆனா சர்ச்சு 4,290 மீட்டர்ல ஒரு கிண்ணத்துக்குள்ள இருக்கு. திரும்பணும்னா பாராலாச்சா 4,890 ஏறித்தான் இறங்கணும். அடுத்த கேம்ப் பாங், 4,600 பக்கம், அங்க மாட்டுனா இன்னும் மோசம், பின்னால லாச்சுங் லா, முன்னால தங்லங் லா, எங்கிட்டு போனாலும் ஏத்தம்தான். நடுக்கடல்ல எஞ்சின் நின்னு, எந்தக் கரைக்குப் போனாலும் எதிர்க்காத்துங்கற கதை. அதனாலதான் சர்ச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே ஒடம்பு பழகியிருக்கணும்.

விடியக்காலம் கேலாங் வந்து சேந்தேன், 3,100 மீட்டர் பக்கம். ஒம்பது மணிக்கு ரெண்டு ஆலு பரோட்டா சாப்பிட்டேன், தலைவலி போன இடம் தெரியல. பிளெக்ஸ் மட்டும் நான் ஊருக்கு வந்தும் ஒரு மாசம் தொங்குச்சு.

அப்ப ரெண்டாவது தடவ என்ன மாத்துனீங்க?

நாள். வேற ஒண்ணும் இல்ல. அதே காலு, அதே சைக்கிள், பன்னெண்டு நாள் எடுத்துக்குற குழு. மனாலியில ஒரு நாள் சும்மா, ஒரு நாள் சோலங் வரைக்கும் போய் வந்தோம், அப்புறம் மர்ஹியில 3,300 பக்கம் தங்கி ரோதங்க மிதிச்சே ஏறி அங்கிட்டு சிஸ்ஸுவுக்கு இறங்கி 3,100ல தூங்கினோம். ஏறி, பாத்துட்டு, கீழ இறங்கித் தூங்குறது, அதுதான் ரோதங்கோட வேலை. ஜிஸ்பாவுல ரெண்டு ராத்திரி. பிளெக்ஸ் கிடையாது, வீட்டுல சொன்னதே கிளம்புறதுக்கு முந்துன வாரம்தான்.

மலை நோய்க்கு டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கிட்டா போதும்ல?

டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். சல்பா மருந்து ஒத்துக்காதவங்க கண்டிப்பா சொல்லணும். அது ஒடம்பு பழகுறத கொஞ்சம் சீக்கிரமாக்கும், அவ்வளவுதான், தலைவலியோட ஏறுறதுக்கு லைசென்ஸ் இல்ல. நான் ரெண்டாவது தடவ போட்டேன். விரல் நுனியில எறும்பு ஊறுற மாதிரி இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும், ராத்திரி மைனஸ் குளிர்ல டென்ட் ஜிப்ப திறந்துக்கிட்டு வெளிய போறது ஒரு தனி தண்டனை. இன்னொரு வேடிக்கை, சோடா கலர் எதக் குடிச்சாலும் ருசி கெட்டு சப்புனு இருக்கும். அது மருந்தோட வேலை, கடைக்காரன் ஏமாத்தல.

விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் தினமும் பாப்பாங்க. ஊர்ல 97, 98 காட்டுறது சர்ச்சுல 82, 85 காட்டும், பயந்துராதீங்க, அங்க அது வழக்கம்தான். நம்பர விட ஆள் எப்படி இருக்காருன்னுதான் நல்ல கைடு பாப்பாரு. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல் வருதுனா உடனே சொல்லிருங்க, அது நெஞ்சுல நீர் கோக்குறதா இருக்கலாம்.

மலையே இல்லாத ஊர்ல எப்படிங்க பயிற்சி எடுக்குறது?

நம்மகிட்ட மலை இல்ல, காத்து இருக்கு. வைகாசி தாண்டி கச்சான் காத்து எடுக்கும்போது ராம்நாட்ல இருந்து கிழக்குக் கடற்கரை சாலையில ஏர்வாடி விலக்கு தாண்டி சாயல்குடி பக்கம் போயிப் பாருங்க, ரோடு தென்மேற்கா போகுது, காத்து நேரா மூஞ்சியில. உடைமரம் எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும். ரெண்டு மணி நேரம் மிதிச்சும் பதிமூணு, பதினாலு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஏறாது. உண்மையச் சொன்னா கணவாய் ஏத்தமும் அதே குணம்தான், விடாம ஒரே அழுத்தம், நிறுத்துனா சைக்கிள் நின்னுரும். கொடைக்கானல்ல வளந்தவனுக்குக் கூட இந்தப் பொறுமை இல்லனு எனக்கு ஒரு நெனப்பு. ஒரு வித்தியாசம், மலையில இறக்கம்னு ஒண்ணு வரும், இங்க திரும்பும்போது காத்து தள்ளும், அதான் நம்ம இறக்கம்.

அப்புறம் பாம்பன் பாலம். 1988ல திறந்த ரோட்டுப் பாலம், ரெண்டே கால் கிலோமீட்டருக்கு மேல, நடுவுல கப்பல் போறதுக்காக முதுகு தூக்கியிருக்கும். ராமநாதபுரம் கடக்கரையோட ஒரே மலை அதுதான்னு வச்சுக்கங்க. விடிகாலை நாலரைக்குப் போனா டூரிஸ்ட் வண்டி இருக்காது, பத்து தடவ அங்கிட்டும் இங்கிட்டும் போவேன். பாலத்துல இருந்த போலீஸ்காரர் ஒருத்தர் நாலாவது சுத்துல நிறுத்தி என்ன தம்பி தொலச்சிட்டீங்களானு கேட்டாரு. பக்கக் காத்து சுழட்டும், ஹேண்டில இறுக்கிப் புடிக்காம தளர்வா புடிச்சுப் பழகணும், பாங் தாண்டி வர்ற மோரே சமவெளியில இந்தப் பழக்கம் கைகொடுத்துச்சு. அரிச்சல்முனை ரோடும் நல்லது, 2017ல போட்ட ரோடு, ரெண்டு பக்கமும் கடல், காத்து நாள்ல மணல் வந்து முழங்கால்ல ஊசி மாதிரி குத்தும், செயின்ல மணல் ஏறிரும், வந்ததும் துடச்சிருங்க.

நெசமான ஏத்தம் வேணும்னா மாசத்துக்கு ஒரு தடவையாவது வத்தலக்குண்டு போயி அங்க இருந்து கொடைக்கானல் ஏறுங்க. கொடைக்கானல் 2,100 மீட்டர் பக்கம், மனாலி உசரம். முடிஞ்சா கொல்லிமலை 70 கொண்டை ஊசி. நான் மூணு தடவ கொடைக்கானல், ஒரு தடவ கொல்லிமலை, மீதி எல்லாம் கச்சான்தான். அவசரப்படாம மூணு நாள் தொடர்ந்து நாலு, அஞ்சு மணி நேரம் மிதிக்கப் பழகுங்க. ஒரே நாள்ல 200 போட்டுட்டு மூணு நாள் படுக்குறவனுக்கு இங்க வேலை இல்ல.

எந்த சைக்கிள்? கியர் எவ்வளவு?

ஏத்தம் செங்குத்தா இருக்காது, பெரும்பாலும் அஞ்சு ஆறு பர்சென்ட், ராணுவ லாரி ஏறணும்னு போட்ட ரோடு. ஆனா நீளம். அதுவும் அரை மூச்சுல. முன்னால 34 பல்லு, பின்னால 34 பல்லு இருக்குற மாதிரி வச்சுக்கங்க, அதுக்கும் சின்னதா கிடைச்சா சந்தோசம், எவனும் சிரிக்க மாட்டான். டயர் அகலம் 32ல இருந்து 40 மில்லிமீட்டர் வரைக்கும். எல்லை ரோடு போடுற பிஆர்ஓ நல்லாத்தான் போட்டிருக்காங்க, ஆனா பனி வருசா வருசம் பேத்துருது, சில இடம் ஜல்லியும் புழுதியும்தான். ஓடை ரோட்ட தாண்டி ஓடுற இடமும் உண்டு, காலையில கணுக்கால் அளவு இருக்குறது வெயில்ல பனி உருகி மத்தியானம் முழங்கால் வந்துரும், அதனாலதான் விடிகாலையிலயே கிளப்பி விடுறாங்க.

டயர்ல காத்து பத்தி ஒண்ணு. வெளிய அழுத்தம் குறையுறதால டயர் தானா கல்லு மாதிரி ஆகும், 5,000 மீட்டருக்கு மேல ஏழு பிஎஸ்ஐ வரைக்கும் கூடக் காட்டலாம். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும்ல, அதே விசயம். ஏறும்போது கொஞ்சம் இறக்கி விடுங்க.

நம்ம ஊரு சைக்கிளுக்கு வேற ஒரு வியாதி, உப்புக்காத்து. வெளிய பளபளனு இருக்கும், சீட் போஸ்ட் பிரேமுக்குள்ள ஒட்டிப் போயிருக்கும், ஸ்போக் நிப்பிள் பொரிஞ்சிருக்கும். கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி எல்லாத்தையும் கழட்டி கிரீஸ் வைங்க. எனக்கு கேபிள் உள்ளுக்குள்ளயே துரு புடிச்சு மர்ஹியில அறுந்துச்சு, எஞ்சினுக்கு ஊருக்கே உபதேசம் பண்றவன் நான்.

அவ்வளவு தூரம் சைக்கிள எப்படிக் கொண்டு போறது?

அட்டைப்பெட்டியில போட்டு மதுரையில இருந்து டெல்லி பிளைட், அங்க இருந்து ராத்திரி பஸ்சுல மனாலி. சைக்கிள் கடையில பழைய பெட்டி கேட்டா சும்மாவே குடுப்பாங்க. டயர் காத்த இறக்கிருங்க, பவர்பேங்க் பேட்டரி எல்லாம் கைப்பையில. இல்லன்னா கம்பெனியே வாடகைக்குக் குடுக்கும், அப்ப உங்க சீட்டையும் பெடலையும் மட்டுமாவது கழட்டிக் கொண்டு போங்க, பத்து நாள் அடுத்தவன் சீட்டுல உக்காந்தா அப்புறம் கல்யாண வீட்டுல நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும்.

சாப்பாடு? மீன் கிடைக்குமா?

கிடைக்காது. சோறு, ராஜ்மா, பருப்பு, சப்பாத்தி, மேகி. மேல தண்ணி 84 டிகிரியிலயே கொதிச்சிரும், குக்கர் இல்லாம சோறு வேகாது, அதனால கொழஞ்ச சோறோ நறுக்குனு இருக்குற சோறோ, ரெண்டுல ஒண்ணு. பசியும் செத்துப் போகும், அந்த உசரத்துல பசி எடுக்காதது சகஜம், ஆனா திங்காம மிதிக்க முடியாது. அதுக்குத்தான் நம்ம சரக்கு: புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, முண்டு மிளகாய் அரச்ச பொடி. பஞ்சாப்காரர் ஒருத்தர் என் மிளகாப்பொடிய மூணு நாள்ல காலி பண்ணாரு. எனர்ஜி ஜெல்லுக்குப் பதிலா சாயல்குடி கருப்பட்டி கொண்டு போனேன், அருமையான விசயம், ஒரே குறை, குளிர்ல கருங்கல்லாயிரும், ஜெர்சிக்குள்ள வயித்தோட ஒட்டி வச்சா மத்தியானம் கடிக்கிற பதத்துக்கு வரும். கருவாடு கொண்டு போகாதீங்க. போன வருசம் போன எங்க மச்சினன் நெத்திலிக் கருவாட டென்ட்டுக்குள்ள வச்சு, கூடப் படுத்தவரு ராத்திரியோட ராத்திரியா வண்டிக்குள்ள போயி தூங்கியிருக்காரு.

ஹலால், தொழுகைக்கு எப்படினு கீழக்கரை காக்கா, அதான் அண்ணன், ஒருத்தர் கேட்டாரு. ஜிஸ்பா தாண்டினா எங்க குழுவுல முட்டையத் தவிர எல்லாம் சைவம்தான், அதனால பிரச்சினையே வரல. இடத்துக்குப் பஞ்சம் கிடையாது, தண்ணிதான் ஐஸ். லே மெயின் பஜார்லயே பழைய ஜாமியா மசூதி இருக்கு.

குளிரு எவ்வளவு? நம்மளுக்கு மார்கழிக்கே நடுங்குது.

பகல்ல வெயில் சுடும், நிழலுக்குப் போனா ஸ்வெட்டர் தேடும், ராத்திரி சர்ச்சு, பாங் பக்கம் பூச்சியத்துக்குக் கீழ போகலாம். அத விட மோசம் வெயில்தான். நம்ம ஊர்ல வேர்வை சொட்டும், தண்ணி குடிக்கணும்னு தெரியும். அங்க காத்து வறட்டுக் காத்து, வேர்வை வந்த தடமே தெரியாம காஞ்சிரும், சாயங்காலம் சட்டையில உப்புக்கோடு பாத்துத்தான் புரியும். கறுத்த தோலுக்கு என்ன சன்ஸ்கிரீன்னு தெனாவட்டா இருந்தேன், மூக்கு உரிஞ்சு தொங்குச்சு. இறக்கத்துக்கு முழுக் கையுறை, காத்துத் தடுக்குற ஜாக்கெட் ரெண்டும் கட்டாயம், ஏறும்போது நனஞ்ச பனியனோட அப்படியே இறங்குனீங்கன்னா பல்லு டைப் அடிக்கும்.

எந்தக் கணவாய் ரொம்பக் கஷ்டம்?

ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. சர்ச்சுல இருந்து பாங் போற நாள் நீளம், எழுபத்தஞ்சு எண்பது கிலோமீட்டர்ல கட்டா லூப்ஸ், நக்கி லா, லாச்சுங் லா மூணும். கட்டா லூப்ஸ்னா 21 வளைவு. அதுல ஒரு இடத்துல தண்ணி பாட்டிலா குவிஞ்சு கிடக்கும், பனியில லாரியோட மாட்டி தண்ணி இல்லாம செத்த கிளீனரோட ஆவிக்குனு வர்றவங்க எல்லாம் ஒரு பாட்டில் வச்சிட்டுப் போறாங்க. நம்ம ஊர்ல எல்லைச்சாமிக்கு சுருட்டு வக்கிறதில்லயா, அங்கயும் சிகரெட் வச்சிருந்துச்சு. நானும் அரை பாட்டில் வச்சேன், முழுசா வைக்க மனசு வரல, ஏத்தம் பாக்கி இருந்துச்சு.

எனக்கு தங்லங் லாதான். அதுக்கு முன்னாடி மோரே சமவெளி, நாப்பது கிலோமீட்டர் 4,700 மீட்டர்ல தட்டையா கிடக்கு, எதிர்க்காத்து வேற, அங்க மட்டும் நான் எல்லாருக்கும் முன்னால போனேன், மத்தவங்க என் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு வந்தாங்க, சாயல்குடிக்கு நன்றி. மறுநாள் ஏத்தம். கடைசி அஞ்சு கிலோமீட்டர் நூறு மிதி எண்ணுவேன், நிப்பேன், ஹேண்டில்ல நெத்திய வச்சு இருபது மூச்சு, மறுபடி நூறு. நூறு எண்பதாச்சு, எண்பது அம்பதாச்சு. லாரிக்காரர் ஒருத்தர் நிறுத்தி ஒண்ணும் பேசாம கை நெறய காஞ்ச பாதாமி பழம் குடுத்துட்டுப் போனாரு. எங்க குழுவுல 52 வயசு டீச்சரம்மா ஒருத்தங்க, புனேகாரங்க, மணிக்கு ஆறு கிலோமீட்டர்ல நிக்காம என்ன தாண்டிப் போயிட்டாங்க. நின்னா திரும்ப ஏறுறது கஷ்டம் தம்பி, அதான் நிக்குறதில்லனு மேல டீ குடிக்கும்போது இந்தியில சொன்னாங்க. பொண்ணுங்க போலாமானு கேக்குறவங்களுக்கும் இதான் பதில். டாய்லெட் டென்ட் தனியா இருக்கானு மட்டும் முன்னாடியே கேட்டுக்கங்க.

கார்துங் லாதான் உலகத்துலயே உசரமான ரோடாமே?

போர்டுல 18,380 அடினு போட்டிருந்தாங்க, ஜிபிஎஸ் வச்சு அளந்தா 5,359 மீட்டர், அதாவது 17,600 அடி கூட வராது. பிஆர்ஓவே 19,024 அடியில உம்லிங் லா வரைக்கும் ரோடு போட்டாச்சு. லேவுல இருந்து ஒரு நாள் கூடுதலா போயி ஏறலாம், ஒடம்பு பழகியிருக்குறதால தங்லங்க விட லேசாத்தான் இருந்துச்சு.

காசு இருந்தா ஆல்ப்ஸ் போலாமா?

தாராளமா. ஆனா அது வேற ஆட்டம். பேரு பெத்த கலிபியே கணவாயே 2,642 மீட்டர்தான், நம்ம தொட்டபெட்டாவ விட அஞ்சு மீட்டர் கூட. ஸ்டெல்வியோ 2,757. ரோடு வழுவழுனு இருக்கும், ஏத்தம் செங்குத்து, ராத்திரி கீழ ஊர்ல ஓட்டல்ல தூங்கலாம். காலுக்கு அதுதான் பரீட்சை, மூச்சுக்கு லடாக்.

எந்த மாசம் நல்லது?

ஜூலை கடைசியில இருந்து செப்டம்பர் நடு வரைக்கும். ஜூன்ல ரோடு திறந்திருந்தாலும் பனிச்சுவரும் ஓடையும் அதிகம். ஜூலை, ஆகஸ்ட்ல ரோதங்குக்கு இங்கிட்டு மழை, மண்சரிவு, அங்கிட்டு மழை கம்மி. என் கதை வேற, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடை, போட்டு எல்லாம் கரையில நிக்கும்போதுதான் எஞ்சின் இறக்குவாங்க, எனக்கு அதுதான் சீசன். ஆகஸ்ட்தான் தோது.

வீட்டுக்குப் போன் பண்ண முடியுமா?

நம்ம ஊரு பிரீபெய்ட் சிம் லடாக்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்டா மாத்திக்கங்க. மாத்தினாலும் ஜிஸ்பா தாண்டினா நெறய இடத்துல சிக்னல் இல்ல. நாலஞ்சு நாள் போன் வராதுனு வீட்டுல முன்னாடியே சொல்லிருங்க. எங்கம்மா நாலாம் நாளு கைடோட ஆபீசுக்குப் போன் போட்டு தமிழ்லயே திட்டியிருக்காங்க.

எந்தக் கம்பெனிய நம்புறது? காசு எவ்வளவு?

காசு வருசத்துக்கு வருசம் மாறும், நாளுக்கு ஏத்த மாதிரி மாறும், நான் சொல்ற நம்பர வச்சுக்கிட்டு அவங்ககிட்ட சண்டை போடாதீங்க. நீங்க கேக்க வேண்டியது வேற. ஒவ்வொரு ராத்திரியும் எந்த உசரத்துல தூங்குறோம்னு எழுதிக் கேளுங்க, பேனாவ எடுத்துக் கழிச்சுப் பாருங்க, 500 கணக்கு எங்க உடையுதுனு தெரியும். இந்த ரூட்டுல எங்கயாவது ஒரு இடத்துல கண்டிப்பா உடையும், மலை அப்படி, ஆனா அதுக்கு முன்னாடி ஓய்வு நாள் வச்சிருக்காங்களானு பாருங்க. ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர இறக்கணும்னா தனி வண்டி இருக்கா, இல்ல இருக்குற ஒரே வண்டியும் போயிட்டா மத்தவங்க என்ன பண்ணுவாங்க? அப்புறம் நான் கடைசியா கேட்ட கேள்வி, போன வருசம் எத்தனை பேர வண்டியில ஏத்துனீங்க? ஒருத்தரையும் இல்ல, நூறு பர்சென்ட் முடிச்சோம்னு பெருமையா சொன்ன கம்பெனிய நான் விட்டுட்டேன். பதினாலு பேர்ல மூணு பேர இறக்குனோம், ஒருத்தர் அழுதாருனு சொன்னவங்ககிட்டதான் பணம் கட்டுனேன்.

அடுத்த தடவ நானும் வரேன், சேத்துக்குவீங்களா?

ஞாயித்துக்கிழமை விடிகாலை நாலரைக்கு பாம்பன் பாலத்துக்கு மண்டபம் பக்க முனையில நிப்போம். பின்னால சிவப்பு லைட் இல்லாம வராதீங்க. பத்து சுத்து, நிக்காம, பேசிக்கிட்டே மிதிக்கிற வேகத்துல. பேச முடியாம மூச்சு வாங்குதுனா நீங்க வேகமா போறீங்க.

செயின துடச்சிட்டு வாங்க.